இரண்டு உயர்விலை ஐ.இ.எம்.களும் ஒரு முகவீணையும்: என் காது கேட்டது சரிதானா?

பர்கூர் செவி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நல்ல ஐ.இ.எம். (காதுக்குள் செருகும் இயர்போன்) ஒன்றை வாங்கிவிட்டு, அதன்பின் பல ஆண்டுகளுக்கு வேறு எதையும் தேடாமல் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்காகச் சென்ற சனிக்கிழமை பெங்களூரு சென்று, ஒரு கடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் அமர்ந்து, சென்ஹைசர் ஐஇ 900, 64 ஆடியோ யு12டி ஆகிய இரண்டையும் கேட்டேன். முதலாவதில் 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (ஒலியை எழுப்பும் உறுப்பு) ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதில் காதுக்குப் பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற வேறு வகைச் சிறு டிரைவர்கள் பன்னிரண்டு இருக்கின்றன.

சோதித்துப் பார்ப்பதற்கு நான் எடுத்துச் சென்றது சினிமாப் பாட்டு அல்ல. சென்ற வைகாசியில் எங்கள் ஊர் பாரதக் கூத்தில், கையடக்க ரெக்கார்டர் ஒன்றில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் நானே பதிவு செய்த ஒலிதான் அது. முகவீணை (நாகசுரம் போன்ற சிறு ஊதுகருவி), ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், ஆடுபவரின் சலங்கை என எல்லாமே சிறு வயது முதல் நேரில் கேட்டுப் பழகிய ஒலிகள் என்பதால், அவற்றை வைத்துப் பார்த்தால் ஏமாற மாட்டேன் என்று நம்பினேன்.

முதலில் ஐஇ 900. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கை அழுத்தி இழுக்கும் கும்கி, தட்டிய இடத்தில் தொடங்கி வளைந்து மேலேறி அடங்கும் வரை முழுமையாகக் கேட்டது. சலங்கை மணிகள் கொத்தாக ஒலிக்காமல் தனித்தனியே உதிர்ந்தன. ஆனால் முகவீணை மேல்ஸ்தாயிக்குப் போனபோதெல்லாம் ஊசியால் குத்துவது போலிருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் தொடர முடியவில்லை. அடுத்து யு12டி. அந்தக் குத்தல் பெருமளவு அடங்கிவிட்டது. ஆர்மோனியக்காரர் இடது கையால் துருத்தியைத் தள்ளும்போது எழும் தோலின் மெல்லிய முனகலை அதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆயினும் கும்கி சற்றுக் குட்டையாகி, தட்டியதும் நின்றுவிட்டது போலத் தோன்றியது.

முகவீணையின் அந்தக் குத்தல் வாத்தியத்தின் இயல்பா, கருவியின் குணமா? கைப்பேசியில் டாங்கிள் (இயர்போனை இணைக்கும் சிறு சாதனம்) போட்டுத்தான் கேட்பேன் என்பதால், தனியாக ஒரு விலையுயர்ந்த பிளேயரும் வாங்க வேண்டியிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அதியமான்கோட்டை ரசிகன்:

வணக்கம் நண்பரே. நான் யு12டியை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எந்தக் கருவி சிறந்தது என்பதற்குப் போகும் முன், எந்த டிப்பை (காதுத் துளையை அடைக்கும் மென்மையான முனையுறை) போட்டுக் கேட்டீர்கள் என்பதை நீங்கள் எழுதவே இல்லையே என்பதுதான் என் கவலை. கடையில் கொடுத்த நடுத்தர அளவு சிலிக்கான் டிப்பையே இரண்டு காதிலும் போட்டிருந்தால், நீங்கள் கேட்டதில் பாதி அந்த டிப்பின் ஒலிதான்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். இதை வாங்கிய முதல் வாரம் முழுவதும் வலப்பக்கம் மெலிந்து கேட்கிறது, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். இரண்டு பக்கங்களையும் மாற்றி, வலது கருவியை இடக்காதில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோதும் மெலிவு வலக்காதிலேயே நின்றது. குறை கருவியில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. என் வலக்காதுத் துளை இடக்காதை விடச் சற்றுப் பெரியது. அன்று முதல் வலப்பக்கம் பெரிய டிப், இடப்பக்கம் நடுத்தர டிப் என்று மாட்டுகிறேன். டிப்புக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். அது கசிந்ததும், மேலே இருக்கும் கூர்மை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். உங்களுடைய ஊசிக் குத்தலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவான அளவில் ஓடவிட்டு, கருவியை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் அந்த முழக்கம் கூடினால், காது சரியாக மூடவில்லை என்று பொருள். வாயை அகலத் திறந்து மூடியும் பாருங்கள்; சிலருக்குத் தாடை அசையும்போதுதான் கசியும்.

யு12டியின் கும்கி குட்டையாகக் கேட்டது பற்றியும் ஒரு சொல். அதில் ஏபெக்ஸ் எனப்படும் சிறு மாட்யூல் ஒன்று பக்கவாட்டில் செருகப்பட்டிருக்கும். காதுக்குள் தேங்கும் அழுத்தத்தை அது வெளியேற்றுகிறது. எம்15, எம்20 என்ற இரண்டில் எம்20 போட்டால் தாழ்ந்த ஒலி சற்றுக் கூடும். கடையில் எது செருகியிருந்தது என்று கேட்டீர்களா?

ஓசூர் அளவைக்காரன்:

அதியமான்கோட்டை நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். அதன் காரணத்தையும் விளக்கினால் பர்கூர் நண்பருக்குப் பயன்படும்.

நம் காதுக் குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுடையது. ஒரு முனை திறந்து, மறுமுனை செவிப்பறையால் மூடிய குழாய் என்பதால், அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே பெரிதாக்கித் தருகிறது. ஐ.இ.எம். போட்டு அந்தக் குழாயின் திறந்த முனையை அடைத்தவுடன் அந்த இயல்பு மறைந்துவிடுவதால், கருவியைச் செய்பவர் அந்த இடத்தைத் தாமே உயர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. அத்துடன், டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையில் எஞ்சிய சிறு வெளியில் புதிதாக ஓர் அதிர்வு உண்டாகிறது. அந்த வெளி 20 மில்லிமீட்டர் இருந்தால் அது 8,500 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். கருவியை இன்னும் ஆழமாகச் செருகி 15 மில்லிமீட்டராகக் குறைத்தால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடும். முகவீணையின் மேல்ஸ்தாயி உபசுரங்களும் (சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள்) தாளத்தின் உலோகச் சிதறலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆகவே டிப்பை ஓர் அளவு மாற்றி ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளினாலே, அதே கருவியில் அதே முகவீணை வேறு முகம் காட்டும். ஐ.இ.எம்.களை அளந்து வெளியிடும் வரைபடங்களில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் மேடுகளை நான் அப்படியே நம்பாததற்கும் இதுவே காரணம்; அளக்கும் கருவியின் செயற்கைக் காதிலும் இதே அதிர்வு எழுகிறது.

இரண்டாவது, ஒலியளவு. இரண்டையும் ஒரே உரப்பில் கேட்டீர்களா? ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை உரப்பு என்று உணராமல், தெளிவு என்றே உணரும். இரண்டு கருவிகளின் உணர்திறனும் வேறு என்பதால், கைப்பேசியில் ஒரே எண்ணில் வைத்தால் போதாது. நான் வீட்டில் செய்வது இதுதான்: சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 12 மில்லிமீட்டர் குழாயில் இரண்டு விரற்கடை அளவு வெட்டி, ஒரு முனையில் ஐ.இ.எம்.மையும் மறுமுனையில் கைப்பேசியின் மைக்கையும் வைத்து, 500 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு கருவிக்கும் ஒரே அளவு காட்டும்படி சரிசெய்துகொள்வேன். முழுமையான அளவை அது தராது. ஆனால் இரண்டையும் ஒப்பிட அது போதும். எங்கள் தோட்டத்தில் மிஞ்சிய குழாய்த் துண்டு இதற்கு உதவியது.

மூன்றாவது, தனி பிளேயர் வேண்டாம். பல ஆர்மச்சர் கொண்ட கருவிகளில் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும்; அத்தகைய கருவியை, வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள சாதனத்தில் செருகினால் ஒலியின் நிறமே மாறிவிடும். கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா என்ற ஐ.இ.எம். இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆனால் யு12டியில் இந்த மாற்றத்தைத் தடுக்கவே தனிச் சுற்று வைத்திருக்கிறார்கள். ஐஇ 900 ஒற்றை டைனமிக் டிரைவர் என்பதால் அதன் தடை பெரிதாக அலைபாயாது. வெளியீட்டு மின்தடை ஓர் ஓம் அளவில் இருக்கும், இரைச்சலற்ற ஒரு டாங்கிள் இவ்விரண்டுக்கும் தாராளம்.

ஒரு கேள்வி: ஐஇ 900-ஐ முதலில் கேட்டு முடித்துவிட்டு, பிறகுதான் யு12டிக்குப் போனீர்களா? அப்படியானால், களைத்துப்போன காதுக்கு மேல் ஒலிகள் மங்கித் தெரிந்திருக்கவும் கூடும்.

காவேரிப்பட்டணம் மைக்செட்:

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டுகிறவன் நான். ஐ.இ.எம். பற்றி உங்களுக்கெல்லாம் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பதிவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கூத்தில் வாத்தியக்காரர்கள் ஆடுகளத்துக்குப் பின்னால் பெஞ்சில் உட்காருவார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு மைக் நிற்கும். முகவீணை அளவில் சிறியது என்றாலும் அடிக்கும் ஒலி பெரியது. மைக்குக்கு நேராக அதன் வாயைத் திருப்பினால் மற்ற எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். அந்த ஒலி ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கருக்குப் போகிறது. கூம்பு ஸ்பீக்கர் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும் ஊருக்கும் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. அதில் அடித்தொண்டை இருக்காது. நடு ஒலியும் அதற்கு மேலும் கத்தும். விடியற்காலையில் படுகளம் நெருங்கும்போது கூட்டத்தின் இரைச்சலை மீற வேண்டும் என்று நாங்களும் வால்யூமை ஏற்றிவிடுவோம். அப்போது ஒலி உடைந்து, முனை முறிந்துதான் வெளியே வரும்.

நீங்கள் ரெக்கார்டரை எங்கே வைத்திருந்தீர்கள்? கம்பத்தின் பக்கம் வைத்திருந்தால், நீங்கள் பதிவு செய்தது முகவீணையை அல்ல, எங்கள் கூம்பு ஸ்பீக்கரைத்தான். அப்படியானால், குத்துகிற ஒலியைக் குத்துகிற மாதிரியே காட்டிய கருவி பொய் சொல்லவில்லை. அதை மென்மையாக்கிய கருவிதான் தன் விருப்பத்தைச் சேர்த்திருக்கிறது. நல்ல சேலையின் சாயத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது போல, மைக் இல்லாமல் ஒரு கலைஞரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதைக் கொண்டு சோதியுங்கள்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே காதுக்கு எல்லை. மூன்று டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகிவிடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு இடக்காதில் ஓயாமல் ஓர் ரீங்காரம் இருக்கிறது. கம்பத்தடியில் நின்றே காலத்தைக் கழித்ததன் பலன் அது. கடையில் மூன்று மணி நேரம் குத்தும் ஒலியைக் கேட்காதீர்கள்.

பாலக்கோடு வாசகர்:

இவ்வளவு பணம் தேவைதானா என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்4 என்ற இயர்போன் 1991-இலேயே வந்தது. ஒரே ஓர் ஆர்மச்சர்தான், காதுக்குள் ஆழமாகப் போகும். ஓசூர் நண்பர் சொன்ன அந்த அதிர்வை மேலே தள்ளிவிடுவதால், அந்த வழிவந்த கருவிகளில் முகவீணை மிக இயல்பாகக் கேட்கும் என்பது என் அனுபவம். தாழ்ந்த ஒலி மெலிவாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; கும்கிதான் முக்கியம் என்றால் அது உங்களுக்கு நிறைவு தராது. ஆழமாகச் செருகுவதை எல்லாக் காதும் தாங்குவதும் இல்லை.

பர்கூர் செவி:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

மைக்செட் அண்ணன் கேட்டதற்கு முதலில் பதில்: ரெக்கார்டரைக் கம்பத்திலேயே, தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் துணிக்கயிற்றால் கட்டியிருந்தேன். உங்கள் பதிலைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது. மறுவாரமே எங்கள் ஊர் முகவீணைக் கலைஞரின் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். சீவாளியை (ஊதும் நாணல் முனை) வாயில் வைத்து ஈரப்படுத்தியபடியே அவர் என்ன வேண்டும் என்று கேட்டார். வழக்கம்போல வாசியுங்கள், மைக் இல்லை என்றேன். மூன்று முழத் தொலைவில் ரெக்கார்டரை வைத்து இருபது நிமிடம் பதிவு செய்தேன். நேரில் கேட்ட ஒலியில் கூர்மை இருந்தது, ஆனால் ஊசி இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நாணலின் கரகரப்பு ஒன்று ஓடுகிறது. கூம்பு ஸ்பீக்கரில் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பதிவோடு மீண்டும் பெங்களூரு சென்றேன். 40 ஹெர்ட்ஸ் சோதனையில் என் இடக்காது கசிவது தெரிந்தது. அங்கே ஒரு பெரிய டிப் போட்டதும் நின்றது. யு12டியில் எம்15 செருகியிருந்தது; எம்20 கேட்டு வாங்கினேன். இம்முறை அதைத்தான் முதலில் கேட்டேன். ஒவ்வொன்றையும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கேட்காமல் இடையில் தெருவில் நடந்துவிட்டு வந்தேன். குழாய்த் துண்டைப் பையிலிருந்து எடுத்தபோது கடைக்காரர் வியந்து பார்த்தாலும், மறுக்காமல் அளக்க விட்டார்.

திண்ணைப் பதிவில், ஐஇ 900-இன் ஊசி ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. மேல்ஸ்தாயியில் ஒரு பளபளப்பு மட்டும் எஞ்சியது. நேரில் கேட்டதை விட அது ஓர் இழை கூடுதல்தான் என்று இப்போதும் சொல்வேன். கரகரப்பு இரண்டிலும் தெளிவாக இருந்தது. கலைஞர் மூச்செடுக்கும் இடம் யு12டியில் சற்று முன்னதாகவே காதில் பட்டது. அந்த நுணுக்கத்தில் அதுவே மேல். பழைய கம்பப் பதிவோ இரண்டிலும் குத்தியது. கும்கியில் மட்டும் என் முதல் கருத்து மாறவில்லை. எம்20 போட்டபின் யு12டியில் அதன் கனம் கூடியது, நீளம் கூடவில்லை. தோல் தளர்ந்து அடங்கும் அந்தக் கடைசி அசைவை ஐஇ 900 மட்டுமே எனக்குத் தந்தது.

ஆகவே ஐஇ 900-க்கு முன்பணம் கட்டிவிட்டேன். பாலக்கோடு நண்பரின் கேள்வியை மனத்தில் வைத்து, பிளேயருக்கென ஒதுக்கியிருந்த பணத்தைத் தொடவில்லை. இவ்வாரக் கடைசியில் கருவி கைக்கு வரும். வந்ததும் அதே திண்ணைக்குப் போய், அவருடைய வாசிப்பை அவருக்கே போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் காதின் அளவு தெரியாததால் மூன்று அளவு டிப்பையும் எடுத்துச் செல்வேன்.