மொட்டுகள் விரியாமலேயே உதிர்கின்றன, கோடை முடிவதற்குள் வழி சொல்லுங்கள்

முல்லைப்பந்தல் (முதல் நாள், காலை)

அனைவருக்கும் வணக்கம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடையின் கடைசி வாரங்களுக்காகவே நான் ஆண்டு முழுவதும் காத்திருப்பவள். வெயிலின் கடுமை தணிந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு நாற்காலியைத் தோட்டத்தில் போட்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்க மனம் வராது. இந்த முறை அந்த நிம்மதி போய்விட்டது. செடி கொத்துக் கொத்தாக மொட்டு வைக்கிறது, ஆனால் ஒன்றுகூட விரிவதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கீழே பத்துப் பதினைந்து மொட்டுகள் கிடக்கின்றன. தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், உரமும் போட்டிருக்கிறேன். என்ன தெளிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் இன்று மாலையே தெளித்துவிடுவேன்.

தொட்டிவாசி (முதல் நாள், காலை)

வணக்கம். எந்தச் செடி என்று நீங்கள் சொல்லவே இல்லையே. ரோஜாவா, மல்லிகையா, செம்பருத்தியா? தரையில் இருக்கிறதா, தொட்டியிலா? விழும் மொட்டு பச்சையாக விழுகிறதா, மஞ்சளாகி விழுகிறதா? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

வெயில்மறைப்பு (முதல் நாள், முற்பகல்)

எந்தச் செடியாக இருந்தாலும் என் முதல் சந்தேகம் தொட்டியின் சூட்டின் மேல்தான் விழும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டில் பிற்பகல் வெயில் நேராகப் பட்டால், உள்ளே இருக்கும் மண் 40 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஓரத்து நுண்வேர்கள் கருகிவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் செடியால் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. இலையையும் மொட்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாத செடி, மொட்டுக் காம்பின் அடியில் உதிர்வு அடுக்கை, அதாவது எளிதில் பிரியும் செல் அடுக்கை, உண்டாக்கி மொட்டைக் கைவிட்டுவிடும். தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வையுங்கள், அல்லது வெயில் படும் பக்கத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குச் செடி துவண்டால், அந்த நேரத்திலேயே தண்ணீர் ஊற்றவும் தயங்க வேண்டாம்.

தழைமணி (முதல் நாள், நண்பகல்)

எனக்கும் சென்ற ஆண்டு இதே துன்பம் இருந்தது. வாழைப்பழத் தோலை மூன்று நாட்கள் நீரில் ஊறவைத்து, அந்த நீரை வாரம் ஒரு முறை வேரில் ஊற்றினேன், மொட்டு நின்றது. மொட்டைத் தாங்குவதற்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டும். கோடையில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுவதால் அந்தச் சத்து தொட்டியின் அடித்துளை வழியாகக் கரைந்து வெளியேறிவிடுகிறது. நீங்கள் போட்ட உரம் எது என்று சொல்ல முடியுமா? தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரமாக இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள்.

மூத்தவேர் (முதல் நாள், நண்பகல்)

இங்கே இருபது ஆண்டுகளாகச் செடி வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கேள்வி கேட்பவர்கள் முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். செடியின் பெயரைக்கூட எழுதாமல் மருந்தின் பெயரைக் கேட்பது சரியல்ல. அடுத்ததாக, உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அடிப்படையே தெரியாத அறிவுரை. இலை மேல் நிற்கும் நீர்த்துளி கண்ணாடி வில்லையைப் போல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும். தோட்டக்கலையில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது இது.

வெயில்மறைப்பு (முதல் நாள், பிற்பகல்)

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. 2010ஆம் ஆண்டு ‘நியூ பைட்டாலஜிஸ்ட்’ என்ற தாவரவியல் இதழில் ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வழவழப்பான இலையின் மேல் கண்ணாடிக் குண்டுகளை வைத்தபோது இலை சுட்டது, நீர்த்துளிகளை வைத்தபோது சுடவில்லை. நீர்த்துளி இலையோடு ஒட்டித் தட்டையாகிவிடுவதால், அது ஒளியைக் குவிக்கும் இடம் இலைக்கு வெகு கீழே போய்விடுகிறது. துளி குவிப்பதற்குள் உலர்ந்தும் விடுகிறது. துளியைத் தூக்கிப் பிடிக்கும் மயிர்கள் உள்ள இலைகளில் மட்டும், நீரில் மிதக்கும் ஒரு வகைப் பெரணியில், சூட்டுப் புள்ளிகள் உண்டாயின. நான் ஊற்றச் சொன்னதோ இலையில் அல்ல, வேரில்.

மூத்தவேர் (முதல் நாள், பிற்பகல்)

ஆய்வுக்கூடத்து இலையும் என் தோட்டத்து இலையும் ஒன்றாகிவிடாது. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

வெயில்மறைப்பு (முதல் நாள், மாலை)

நீங்கள் கண்ட புள்ளிகள் பூஞ்சையாலோ, நீரில் கரைந்த உப்பு உலர்ந்து படிந்ததாலோ வந்திருக்கலாம் என்பதே என் கருத்து. இலையை நனைப்பதில் உண்மையான ஆபத்து இரவில்தான் இருக்கிறது. ரோஜாவின் கரும்புள்ளிப் பூஞ்சை முளைத்து உள்ளே நுழைய இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு இலையெல்லாம் நனையத் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் அந்த வாய்ப்பைத் தாங்களே ஏற்படுத்திக் கொடுக்கிறார்கள்.

மூத்தவேர் (முதல் நாள், இரவு)

மாலைத் தண்ணீரே கூடாது என்று இப்போது புதிதாகத் தொடங்குகிறீர்களா?

தொட்டிவாசி (முதல் நாள், இரவு)

இருவரிடமும் ஒரு வேண்டுகோள். இழையைத் தொடங்கியவர் இன்னும் செடியின் பெயரைச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றும் நேரத்தைப் பற்றித் தனி இழை தொடங்கிப் பேசலாம்.

முல்லைப்பந்தல் (இரண்டாம் நாள், காலை)

மன்னித்துவிடுங்கள். செம்பருத்திதான். பூக்காத செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டே எழுதியதால், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். தொட்டியில் இருக்கிறது, காலை வெயில் மட்டும் படும். மண்புழு உரம் இரண்டு வாரத்துக்கு முன் இரண்டு கைப்பிடி போட்டேன்.

தழைமணி (இரண்டாம் நாள், காலை)

மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போட்டதால் கேடு ஒன்றும் வராது. அப்படியானால் சாம்பல்சத்துக் குறைதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இலைப்புரட்டி (இரண்டாம் நாள், முற்பகல்)

தழைமணி அவர்களுக்கு ஒரு வார்த்தை. மொட்டே வைக்காத செடியின் குறை வேறு, வைத்த மொட்டை உதிர்க்கும் செடியின் குறை வேறு. சத்துக் குறைந்த செடி கொத்துக் கொத்தாக மொட்டு வைக்காது.

முல்லைப்பந்தல் அவர்களே, தயவுசெய்து எதையும் தெளிப்பதற்கு முன் மூன்று விவரங்கள் சொல்லுங்கள். உங்கள் செம்பருத்தி ஐந்து இதழ் கொண்ட ஒற்றைப் பூவா, ரோஜாவைப் போல அடுக்கிதழா? அருகில் வேறு செம்பருத்தி இருந்தால் அதுவும் உதிர்க்கிறதா? விழுந்த மொட்டின் அடிப்பாகம் மஞ்சளாக இருக்கிறதா?

இவற்றுக்குப் பதில் எழுதுவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். இன்று விழுந்த மொட்டுகளில் காயாததாகப் பார்த்து ஐந்தாறு எடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து, இதழ்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். இலைப்பேனாக இருந்தால் தாளில் தட்டும்போதே கண்ணிமை மயிரின் துண்டு போன்ற மெல்லிய பூச்சிகள் விழுந்து ஓடும், இதழின் ஓரங்களும் பழுப்பேறியிருக்கும். மாவுப்பூச்சி என்றால் காம்பும் புல்லி இதழும் சேரும் இடத்தில் வெண்பஞ்சு தெரியும். உள்ளே எதுவுமே இல்லாமல், மொட்டு சிறியதாகவும் பச்சையாகவும் விழுந்திருந்தால், வெயில்மறைப்பு அவர்கள் சொன்ன நீர்த் தட்டுப்பாட்டை முதலில் எண்ண வேண்டும். நான் சந்தேகப்படுவது இவற்றில் எதுவும் இல்லை, ஆனால் உங்கள் கண்ணால் பார்க்கும் வரை அதைச் சொல்ல விரும்பவில்லை.

மூத்தவேர் (இரண்டாம் நாள், நண்பகல்)

இவ்வளவு சுற்றிவளைக்கத் தேவையில்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் எந்தப் பூச்சியும் தாங்காது. புதிதாகச் செடி வளர்ப்பவர்களை இப்படிக் குழப்பக் கூடாது.

இலைப்புரட்டி (இரண்டாம் நாள், நண்பகல்)

வேப்பெண்ணெய் நல்லது, அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் நானும் அதையே பயன்படுத்துகிறேன். ஆனால் மூடிய மொட்டுக்குள் இருக்கும் ஒன்றின் மேல் அது படாது.

நிழற்குடை (இரண்டாம் நாள், மாலை)

உதவி செய்யும் அளவுக்கு எனக்கு அறிவு இல்லை, ஆனால் நாற்காலி போட்டு உட்காருவதைப் பற்றி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. செம்பருத்தி தேறும் வரை பக்கத்தில் ஓர் அந்திமந்தாரையை வைத்துப் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல்தான் அது விரியத் தொடங்கும். இருட்டும் வேளையில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிப்பதை நாற்காலியில் இருந்தே பார்க்கலாம்.

முல்லைப்பந்தல் (மூன்றாம் நாள், காலை)

அடுக்கிதழ்தான். பக்கத்தில் இருக்கும் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தி நாள்தோறும் பூக்கிறது, அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மொட்டின் அடி மஞ்சளாகத்தான் இருந்தது.

ஆறு மொட்டுகளைப் பிளந்தேன். நான்கில் புழு இருந்தது. அரிசி நொய்யில் பாதி அளவுகூட இருக்காது, வெளிர் மஞ்சள் நிறம், தலை எது வால் எது என்று தெரியவில்லை. ஒரு மொட்டில் மட்டும் பத்துக்கு மேல் எண்ணினேன். தாளின் மேல் விழுந்ததும் ஒரு புழு வளையம்போலச் சுருண்டது, சட்டென்று துள்ளி இரண்டு விரற்கடை தள்ளிப் போய் விழுந்தது. நான் பயந்து தாளைக் கீழே போட்டுவிட்டேன். இது என்ன?

இலைப்புரட்டி (மூன்றாம் நாள், காலை)

துள்ளியது என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் காத்திருந்தேன். இது மொட்டு ஈயின் புழு. கொசுவைவிடச் சிறிய இந்த ஈ மொட்டின் நுனியில் முட்டையிடும். முட்டை ஒரு நாளில் பொரிந்து, புழுக்கள் உள்ளே இறங்கி, இளம் இதழ்களைச் சுரண்டித் தின்னும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மொட்டு மஞ்சளாகி விழும். விழுந்த மொட்டிலிருந்து புழுக்கள் வெளியே துள்ளி, தொட்டி மண்ணின் மேற்பரப்பில் புதைந்து கூட்டுப்புழுவாகும். மறுபடியும் ஈயாகப் பறக்கும்போது தொடக்கத்திலிருந்து மொத்தம் மூன்று வாரம் அளவில் ஆகியிருக்கும். அடுக்கிதழ்ச் செம்பருத்தியை இது கூடுதலாகத் தாக்குவது தெரிந்த செய்திதான், அதனால்தான் உங்கள் ஒற்றைச் செம்பருத்தி தப்பியிருக்கிறது.

வளர்ந்த ஈ ஒரு சில நாட்களே வாழும், மொட்டுக்குள் இருக்கும் புழுவை மருந்து எட்டாது. ஆகவே இதைப் பிடிக்கக்கூடிய இடம் மொட்டிலிருந்து மண்ணுக்கு அது இறங்கும் வழி ஒன்றுதான். தொட்டி மண்ணை மூடும்படி ஒரு துணியையோ தாளையோ விரித்து, காலையும் மாலையும் விழுந்த மொட்டுகளை எடுத்துவிடுங்கள். செடியில் அடி மஞ்சளாகத் தொடங்கிய மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள், இரக்கப்பட வேண்டாம், அவை எப்படியும் விரியப் போவதில்லை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெயிலில் இரண்டு நாட்கள் வைத்த பிறகு குப்பையில் சேருங்கள். மட்கு உரக் குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், போட்டால் அடுத்த தலைமுறையை நீங்களே வளர்த்ததாக ஆகும். மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் இடுவதும் நல்லது. இதை ஒரு நாள்கூட விடாமல் மூன்று வாரத்துக்கு மேல் செய்ய வேண்டும்.

வெயில்மறைப்பு (மூன்றாம் நாள், நண்பகல்)

என் ஊகம் தவறாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். காலை வெயில் மட்டும் படும் தொட்டி அவ்வளவு சூடாகாது என்பதை அவர் விவரம் எழுதியபோதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மூத்தவேர் (மூன்றாம் நாள், பிற்பகல்)

மொட்டு ஈ மல்லிகையிலும் வரும், நானே பார்த்திருக்கிறேன். பெயரையும் அடையாளத்தையும் முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். மேல்மண்ணை மாற்றும்போது வேரை அறுத்துவிடாமல் கையால் எடுங்கள், கொத்து வேண்டாம். செம்பருத்தியின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கும்.

தழைமணி (ஐந்தாம் நாள், காலை)

எனக்கு ஒரு சந்தேகம். சென்ற ஆண்டு என் செடியில் மொட்டு நின்றது வாழைப்பழத் தோலால்தான் என்று நம்பியிருந்தேன். அதே வாரங்களில் நான் தொட்டிகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றி, கீழே கிடந்தவற்றைப் பெருக்கித் தள்ளியதும் இப்போது நினைவுக்கு வருகிறது. இலைப்புரட்டி அவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இலைப்புரட்டி (ஐந்தாம் நாள், மாலை)

அன்று ஒரு மொட்டையாவது பிளந்து பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும். இப்போது யாராலும் சொல்ல முடியாது.

தொட்டிவாசி (பதினான்காம் நாள், காலை)

முல்லைப்பந்தல் அவர்களே, செடி எப்படி இருக்கிறது? என் அடுக்குச் செம்பருத்தியிலும் இன்று இரண்டு மஞ்சள் மொட்டுகளைப் பார்த்தேன், அதனால் கேட்கிறேன்.

முல்லைப்பந்தல் (இருபத்தெட்டாம் நாள், இரவு)

தாமதத்துக்கு மன்னியுங்கள். சொன்னபடியே நாள்தோறும் பொறுக்கினேன், முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. இன்று காலை மூன்று பூக்கள் விரிந்தன. செம்பருத்தி ஒரே நாள் பூ என்பதால், அவை சுருங்கும் வரை நாற்காலியைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். மாலையில் ஒரு மொட்டு விழுந்தது. பிளந்து பார்த்தேன், உள்ளே எதுவும் இல்லை.