டேகேர் செலவு: எஃப்.எஸ்.ஏ.வில் 5,000 போட்டு, மீதிக்கு வரிக் கிரெடிட் கேட்கலாமா?

டாலஸ்வாசி:
இருவருக்கும் வேலை, சேர்ந்து 1,50,000 டாலர். பிள்ளைகள் 2 வயது, 5 வயது. டேகேர், ஆஃப்டர்-ஸ்கூல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18,000. 2026-க்கான என்ரோல்மெண்ட் வெள்ளியோடு முடிகிறது. அமெரிக்காவில் டிபெண்டண்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வில் (பிள்ளைப் பராமரிப்புக்காக வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடித்து வைக்கும் கணக்கு) வழக்கம்போல 5,000 போட்டுவிட்டு, மீதிக்கு கிரெடிட் (கட்டவேண்டிய வரியிலேயே கிடைக்கும் கழிவு) கேட்டால் ரெண்டு பக்கமும் லாபம்தானே? கோடையில் அம்மா வருகிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவருக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:
உங்களுக்கு அந்த 5,000 வேண்டாத தொகை. கிரெடிட்டுக்கு ரெண்டு பிள்ளைகள் என்றால் 6,000 வரைதான் செலவைக் கணக்கில் எடுப்பார்கள். எஃப்.எஸ்.ஏ.வில் போட்டது அந்த 6,000-லிருந்து கழியும், 18,000-லிருந்து அல்ல. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

2026-ல் உங்கள் வருமானத்துக்குக் கிரெடிட் விகிதம் 35 சதவீதம். எஃப்.எஸ்.ஏ. மிச்சப்படுத்துவது வருமான வரி 22, சோஷியல் செக்யூரிட்டி-மெடிகேர் 7.65, ஆக 29.65 சதவீதம். டெக்சாஸில் மாநில வரி இல்லாததால் கணக்கு இதோடு சரி.

எஃப்.எஸ்.ஏ. போடாவிட்டால்: 2,100 டாலர்.
5,000 போட்டால்: 1,482 + மீதி ஆயிரத்துக்கு 350 = 1,832.
7,500 (2026-லிருந்து புது உச்சவரம்பு) போட்டால்: 2,224, கிரெடிட் கிடையாது.

நடுவில் நின்றால் நஷ்டம். ஒன்று பூஜ்யம், இல்லையேல் முழுசு. போனஸ், வட்டி சேர்ந்து வருமானம் 1,50,000-ஐத் தாண்டினால் 4,000 டாலருக்கு ஒரு சதவீதப் புள்ளி வீதம் கிரெடிட் விகிதம் குறைந்து 20 சதவீதத்தில் நிற்கும், அப்போது 7,500-தான். ஒரே பிள்ளை உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், கிரெடிட் வரம்பே 3,000-தான்.

வரிவரியாய்:
கணக்கு சரி. ஆனால் பூஜ்யத்துக்கும் 7,500-க்கும் வித்தியாசம் 124 டாலர்தான், அதற்கு எஃப்.எஸ்.ஏ.வின் தலைவலியையும் எடைபோடுங்கள். முதலில் உங்கள் கம்பெனி பிளான் 7,500-க்கு மாறியிருக்கிறதா பாருங்கள், மாறியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. மெடிக்கல் எஃப்.எஸ்.ஏ. போல முழுத்தொகை ஜனவரியிலேயே கைக்கு வராது. மாதம் இருமுறை சம்பளம் என்றால் முதல் பிடித்தத்தில் 312.50 டாலர்தான் சேரும். 1,500-க்கு கிளெய்ம் போட்டாலும் அவ்வளவுதான் வரும், மீதி சேரச் சேர வரும். பணம் கட்டிய தேதி செல்லாது, பிள்ளை போன தேதிதான்: டிசம்பரில் கட்டிய ஜனவரி ஃபீஸ் அடுத்த ஆண்டுக் கணக்கு. செலவழிக்காத பணம் போனதுதான்.

அம்மா விசிட்டர் விசாவில் வந்தால் சம்பளம் கொடுக்கவே கூடாது, அது வேலையாகிவிடும். கிரீன் கார்டு உள்ளவராக இருந்து, நீங்கள் அவரை டிபெண்டண்டாகக் காட்டாவிட்டால் சேர்க்கலாம். அவர் அதை வருமானமாகக் காட்டவேண்டும், நீங்கள் கிரெடிட் கேட்கும் 2441 படிவத்தில் அவருடைய எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) போடவேண்டும். டேகேரிடம் டபிள்யூ-10 படிவத்தை இப்போதே நீட்டி வரி எண்ணை வாங்கிவிடுங்கள், ஏப்ரலில் அலையவேண்டாம். பகல் கேம்ப் செல்லும், இரவு தங்கும் கேம்ப் செல்லாது. கிண்டர்கார்டன் ஃபீஸும் செல்லாது.

டாலஸ்வாசி:
நடு ஆண்டில் ஒருவருக்கு வேலை போனால்?

கணக்குப்பிள்ளை:
வேலை தேடும் நாட்களின் டேகேர் செலவு செல்லும், சும்மா இருக்கும் நாட்களுடையது செல்லாது. இருவரில் குறைவாகச் சம்பாதித்தவரின் ஆண்டு வருமானம்தான் கணக்கில் எடுக்கும் செலவுக்கு உச்சவரம்பு. வேலை போனதும் பிடித்தத்தைக் குறைக்க அனுமதி உண்டு, ஆனால் பிளான் சொல்லும் கெடுவுக்குள், பெரும்பாலும் 30 நாளில், எச்.ஆர்.இடம் சொல்லவேண்டும்.