மறு: அறியாக்கோள் - வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

அன்பர்களுக்கு,

செயற்கைக்கோள் பார்ப்பவர்களுக்கான நம் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பட்டியலில் உள்ள எந்தச் செயற்கைக்கோளோடும் பொருந்தாமல் பூமியைச் சுற்றிவரும் பொருளைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்பது மட்டும்தான் இன்னும் பாக்கி.

> அறியாக்கோள். சுருக்கம், இனிமை.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் அறியாப் பிள்ளை என்றால் ஒன்றும் அறியாத பிள்ளை, நாம் அறியாத பிள்ளை இல்லை. அறியா போன்ற எதிர்மறைப் பெயரெச்சம் இரண்டு பக்கமும் போகும் என்பீர்கள், சரி, படிப்பவருக்கு முதலில் தோன்றுவது எது? அதோடு கோள் என்பதே அவசரத் தீர்ப்பு. 2002-இல் பில் யுங் என்ற பொழுதுபோக்கு வானியலர் கண்ட ஜே002இ3 என்ற பொருளைச் சிறுகோள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்புறம் அதன் நிறமாலை (அதிலிருந்து வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது) டைட்டேனியம் டையாக்சைடு கலந்த வெள்ளைப் பெயின்ட்டோடு ஒத்துப்போனது, அப்பல்லோ 12-ஐ ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காகத்தான் இருக்கும் என்றானது.

> புறநானூற்றில் "செஞ்ஞாயிற்றுச் செலவு" இருக்கிறதே, செலவறியாப் பொருள் எனலாம்.

அழகான சொல், ஆனால் செலவு என்றால் அங்கே செல்லும் பாதை, இங்கே தெரியாதது அது இல்லையே. பார்ப்பவர் கைக்கு முதலில் வருவதே பாதைதான். தெரிந்த இரண்டு விண்மீன்களுக்கு நடுவே அது கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் குறித்து, சில இரவுகளின் குறிப்பைச் சேர்த்தால் பாதையின் சாய்வும் சுற்றுக்காலமும் கிடைத்துவிடும், அது யாருடையது என்பதுதான் கிடைக்காது.

> பெயரிலி?

பெயர் இருக்குமே அக்கா. 2018 ஜனவரியில் கனடாவின் ஸ்காட் டில்லி, ஜூமா என்ற ரகசியச் செயற்கைக்கோளைத் தேடும்போது வேறொரு வானொலிச் சைகையைப் பிடித்தார். ஒட்டிப் பார்த்தால், 2005 டிசம்பரில் நாசாவின் தொடர்பிலிருந்து விடுபட்ட இமேஜ் என்ற செயற்கைக்கோள்! பெயர் முன்பே இருந்தது, பொருத்திப் பார்க்கும் வேலைதான் மிச்சமாக இருந்தது.

"மர்மப் பொருள்" என்ற சொல்லை நான் மறுப்பது வடசொல் என்பதால் இல்லை, அது வேற்றுக்கிரகவாசி வரைக்கும் இழுத்துப் போய்விடும்.

என் பரிந்துரை இனந்தெரியாப் பொருள். "இனந்தெரியாத நபர்" செய்தித்தாளில் தினமும் பழகியதுதான். அறி என்றால் அறிபவர் எழுவாய், தெரி என்றால் தெரிவதே எழுவாய், அதனால் அறியாப் பிள்ளைச் சிக்கலும் இல்லை. குற்றச்செய்தி வாடை அடிக்கிறது என்று நேற்றே ஒருவர் எழுதியிருந்தார், அடிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் ஒரே வாசிப்பில் புரிகிறது.

இதுவரை ஆதரவு இதற்கே கூடுதல். ஐயா இன்னமும் ஒப்பவில்லை என்பதால், சொல்லடைவில் அறியாக்கோளையும் மாற்றுச் சொல்லாகச் சேர்த்து அனுப்புகிறேன்.