கோட்டா, ரிசர்வேஷன்: இரண்டும் ‘ஒதுக்கீடு’ ஆகுமா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினர்க்கு வணக்கம். நாஸ் (வலைப்பின்னல் வழியே பலரும் பயன்படுத்தும்) சேமிப்பகக் கண்காணிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஜெட்எஃப்எஸ் எனும் கோப்பு முறைமை பற்றிய பகுதியில் ஒரு சிக்கல். கோட்டா, ரிசர்வேஷன் இரண்டுக்கும் நம் பட்டியலில் ‘ஒதுக்கீடு’ என்றே இருக்கிறது. ஒரு டேட்டாசெட்டுக்கு (சேமிப்பகத்தில் தனியாக நிர்வகிக்கும் ஒரு கோப்புப் பிரிவுக்கு) 2 டெராபைட் கோட்டா வைத்தால், அதற்கு மேல் எழுத முடியாது. அவ்வளவு இடம் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. 2 டெராபைட் ரிசர்வேஷன் வைத்தாலோ, ஒரு கோப்புகூட எழுதாத நிலையிலும் மற்ற டேட்டாசெட்டுகளின் காலியிடம் உடனே 2 டெராபைட் குறையும். நேரெதிரான இரண்டுக்கு ஒரே சொல்லா?

தமிழாசிரியர்:
அம்மா, ‘ஒதுக்கீடு’ ரிசர்வேஷனுக்கே உரியது. இடு என்பது ஈடு ஆனது முதனிலை திரிந்த தொழிற்பெயர். சுடு சூடு ஆனதுபோல. ஒதுக்கி இடுவதே ஒதுக்கீடு, எடுத்துத் தனியே வைப்பது. கோட்டாவுக்கு ‘உச்சவரம்பு’ போடுங்கள். தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தால் ஊரறிந்த சொல். அந்தச் சட்டம் இத்தனை ஏக்கருக்கு மேல் கூடாது என்றது. எல்லாருக்கும் அத்தனை ஏக்கர் தருவதாகச் சொல்லவில்லை. வரம்பும் வயல் வரப்பும் ஒரே சொல்தான்.

சர்வர் நிர்வாகி:
ஐயா, உச்சவரம்பு சரி. ஆனால் பூல் (எல்லா டேட்டாசெட்டுகளும் பகிரும் மொத்த இடம்) 80 விழுக்காடு நிரம்பியதும் வரும் எச்சரிக்கைக்கும் ‘வரம்பு’ என்றுதான் எழுதுகிறோம். அதைத் தாண்டினாலும் எழுதலாம், வேகம்தான் குறையத் தொடங்கும். கோட்டாவைத் தாண்டவே முடியாது. திரையில் இரண்டு வரம்பு இருந்தால் ஆள் குழம்புவார். கோட்டாவைக் கோட்டா என்றே விடலாம்.

தமிழாசிரியர்:
எச்சரிக்கைக்குக் ‘கலிங்கு’ எனலாமே! ஏரி அந்த மட்டத்தைத் தொட்டால்…

சர்வர் நிர்வாகி:
கலிங்கில் நீர் வழிந்து வெளியேறும், ஐயா. இங்கே எதுவும் தானாக வெளியேறாது, மடல் மட்டும் வரும். ‘எச்சரிக்கை அளவு’ போதும்.

இதைவிடப் பெரிய குழப்பம் கோட்டாவின் இன்னொரு வகையான ரெஃப்கோட்டா. கோட்டாக் கணக்கில் ஸ்னாப்ஷாட்டும் (ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையைப் பிடித்துவைக்கும் பதிவு) உள் டேட்டாசெட்டுகளும் சேரும், ரெஃப்கோட்டாவில் சேராது. கோட்டா நிரம்பியபின் பயனர் 300 கிகாபைட் கோப்பை அழிக்கிறார். அதன் பிளாக்குகளை, அதாவது வட்டில் அதன் தரவு இருக்கும் துண்டுகளை, பழைய ஸ்னாப்ஷாட் பிடித்திருப்பதால் இடம் திரும்புவதில்லை. சில வேளை அழிக்கும் கட்டளையே ‘கோட்டா மீறல்’ என்று நின்றுவிடும். பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் காப்பி ஆன் ரைட் முறையில், அழிப்பதற்கும் புதிதாக மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய குறிப்புத் தரவு) எழுத வேண்டும். ‘ஜெட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ்’ கட்டளை ஸ்னாப்ஷாட் பிடித்த இடத்தைத் தனிப் பத்தியில் காட்டும். முதலில் அதைப் பார்த்து, பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும். ஆகவே பெயரிலேயே வேறுபாடு தெரியட்டும்: ‘மொத்த உச்சவரம்பு’, ‘நடப்புத் தரவு உச்சவரம்பு’.

கல்லூரி விரிவுரையாளர்:
ரிசர்வேஷனுக்கு ‘ஒதுக்கீடு’ வேண்டாம். கோப்புகளுக்கு வட்டில் பிளாக்குகளைப் பங்கிடும் பிளாக் அலொகேஷனைப் பாடத்தில் அப்படித்தான் சொல்கிறோம். ‘இடஒதுக்கீடு’ என்றால் மாணவர் மனம் வேலைவாய்ப்புக்குப் போய்விடும். ‘காப்பிடம்’ எப்படி? ‘காப்பீடு’ ஆக்கிவிடாதீர்கள், அது இன்ஷூரன்ஸ்.

தமிழாசிரியர்:
காப்பிடம் என்றால் பாதுகாப்பான இடம் என்றல்லவா பொருள்படும்? பேக்கப் என்று நினைத்துவிடுவார்கள். நான் ஒப்பவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
உச்சவரம்பு, எச்சரிக்கை அளவு இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். ரெஃப்கோட்டாவுக்கு நிர்வாகி சொன்னதே. ரிசர்வேஷனுக்குக் காப்பிடம் இருவர், ஒதுக்கீடு ஒருவர். இந்தப் பதிப்பில் காப்பிடம் போகிறது. ஐயாவின் மறுப்பைச் சொல்பட்டியலில் பதிந்திருக்கிறேன்.

சர்வர் நிர்வாகி:
அகராதியில் ‘கோட்டா: காண்க உச்சவரம்பு’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், அம்மா. கட்டளையில் தட்டச்சுவது அந்தச் சொல்லைத்தான்.