குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் சரியாக இருந்தும் எக்கோ எதற்கு?

கேள்வி: பையன் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டான், இன்குபேட்டரில் இருக்கிறான். காலில் கட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 93, 94 என்று சரியாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் நாளை எக்கோ (இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) என்கிறார்கள். வலிக்குமா? வேறு அறைக்குத் தூக்கிப்போவார்களா?

பதில் 1: வலிக்காதுங்க. மெஷினே அவனிடம் வரும். நெஞ்சில் ஜெல் தடவிச் சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

பதில் 2: ஆக்சிமீட்டரை மட்டும் நம்ப முடியாது. கருவில் இருக்கும்போது பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் ஒரு குழாய் உண்டு, நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் 2, 3 நாளில் அது மூடிக்கொள்ளும், குறைமாதத்தில் பல நேரம் திறந்தே கிடக்கும். அதன் வழியாக நுரையீரலுக்குத் திரும்பிப் போவது ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய ரத்தம், அப்புறம் எண் எப்படி இறங்கும்? ஸ்டெதஸ்கோப்பிலும் முதல் சில நாள் சத்தமே கேட்காமல் போகலாம். எக்கோவில் டாப்ளரும் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) சேர்த்துப் போட்டால் குழாயின் அகலம், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, இதயத்தின் இடது மேலறை வீங்கியிருக்கிறதா எல்லாம் தெரியும்.

வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவை ஒப்பிடும் சோதனை வேறு. அது ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கும் தீவிர இதயக் குறைகளைக் கண்டுபிடிக்க.

கேட்டவர்: நன்றி. திறந்திருந்தால் ஆபரேஷனா?

பதில் 2: உடனே இல்லை. பலருக்குத் தானாகவே மூடும், சிலருக்கு இபுபுரூஃபென் அல்லது பாராசிட்டமால் கொடுப்பார்கள். "குழாய் எவ்வளவு அகலம்?" என்று நாளைக்கே கேளுங்கள்.