ஊரார் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து என் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன்

நடுநிசி:
குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் கேஸ் வொர்க்கரா இருக்கேன். பையன் இப்பதான் ஸ்கூல் போக ஆரம்பிச்சிருக்கான். பகல் பூரா அடிபட்ட பிள்ளைங்க, பயந்துபோன அம்மாக்கள், கத்துற அப்பாக்கள். எல்லார்கிட்டயும் குரல் உயராமத்தான் பேசுறேன். வீட்டுக்கு வந்தா, ஷூ கழட்ட லேட் பண்ணினான்னு என் பையனைத் திட்டுறேன். அவன் முழங்காலில் சிராய்ப்பைப் பார்த்தா "யாரு, எப்போ, பக்கத்துல யார் இருந்தா"ன்னு விசாரணை மாதிரி கேட்கிறேன். தூங்கி எழுந்தாலும் அசதி போகல. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொன்னவர் கேஸ் ரிப்போர்ட் எழுதினதில்லை போல. மேலதிகாரிகிட்ட சொன்னதுக்கு, தியான வகுப்புக்குப் பேர் கொடுங்கன்னார். அது சனிக்கிழமை. வீட்டுக்குன்னு எனக்கு இருக்கிறதே அந்த நாள்தான். நீங்கெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

எதிர்க்காற்று:
நீங்க எதையும் சமாளிக்க வேண்டாம் தோழி. கேஸை ஏத்திக்கிட்டே போறவங்களே மூச்சை எப்படி விடணும்னு பாடம் எடுக்கிற கூத்து இது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கிட்ட ஐசிடி-11ங்கிற நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல பர்ன்அவுட்டை, அதாவது வேலையால ஆளே சோர்ந்துபோறதை, நோய்னு போடல. சரியாக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தோட விளைவுன்னுதான் இருக்கு. அப்போ வைத்தியம் யாருக்குத் தேவை, உங்களுக்கா, ஆபீஸுக்கா? கேஸைக் குறைக்கச் சொல்லுங்க. மற்றதெல்லாம் கண்துடைப்பு.

பழைய ஃபைல்:
தம்பி பேசுறது மேடைக்கு நல்லா இருக்கும். நான் டீம் லீடரா இருந்து ஓய்வு பெற்றவள். கேஸ் குறையணும்னா ஆள் எடுக்கணும், அதுக்கு பட்ஜெட் வரணும். அதுக்குள்ள இந்தப் பையன் மீசை முளைச்சு நிப்பான். இவங்க கேட்கிறது இன்னைக்குச் சாயங்காலத்துக்கு.

நடுநிசி, ரொம்ப மோசமான வீட்டுக்குப் போற விசிட்டை நாளோட கடைசியில வைக்காதீங்க. காலையில முடிச்சுட்டு, அன்னைக்கே ரிப்போர்ட்டை எழுதுங்க. எழுதாம விட்டது ராத்திரி முழுக்க மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அவசர டியூட்டி இல்லாத நாள்ல ஆபீஸ் போனை வாசல்லயே அணைச்சிடுங்க. வீட்டுக்காரர் இருந்தா, நீங்க வந்த முதல் அரைமணி நேரம் பையன் அவர் பொறுப்பு. இந்தச் சோர்வைப் பத்தி 1974-ல் கட்டுரை எழுதின உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர், பகல்ல சொந்த பிராக்டிஸ் முடிச்சுட்டு ராத்திரி இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர். அர்ப்பணிப்பு அதிகமா இருக்கிறவங்கதான் இதுல சுலபமா விழறாங்கன்னு அவரே எழுதியிருக்கார்.

எதிர்க்காற்று:
அக்கா, மரியாதையோடயே சொல்றேன். ஏற்கெனவே மூழ்கிக்கிட்டிருக்கிறவங்க தலையில இன்னும் நாலு வேலை வச்சிருக்கீங்க. தனி ஆளுக்கு மட்டும் தர்ற பயிற்சியோட பலன் ஆறு மாசத்துக்குள்ள கரைஞ்சிடுது, பணியிட மாற்றமும் சேர்ந்தா ஒரு வருஷம் தாண்டியும் நிக்குதுன்னு 2010-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லுது.

பழைய ஃபைல்:
"சேர்ந்தா"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் ஒண்ணை மட்டும் ஏன் கண்துடைப்புங்கிறீங்க?

ஒருவழிப்பாதை:
இவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வேலையில ஏன் இருக்கணும்? குழந்தை முக்கியம்னா வேற வேலை பார்க்கலாமே.

மழைக்காகிதம்:
இதே பதிவை ஒரு அப்பா போட்டிருந்தா இந்த யோசனை வந்திருக்குமா சார்? விட்டுட்டுப் போகலாம், அது அவங்க இஷ்டம். ஆனா அவங்க போனா அந்த ஃபைல்ல இருக்கிற பிள்ளை, புதுசா வர்றவங்ககிட்ட நடந்ததை முதல்லேருந்து சொல்லணும்.

நான் மனநல ஆலோசகர், ரெண்டு பிள்ளைக்கு அம்மா. இங்க எல்லாரும் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டுறீங்க. அசதி, ஆபீஸை நினைச்சாலே வெறுப்பு, என்ன செஞ்சு என்னங்கிற நினைப்பு, இதெல்லாம் பர்ன்அவுட். சிராய்ப்பைப் பார்த்ததும் விசாரணை தொடங்குறது வேற. அடுத்தவங்க பட்ட அதிர்ச்சியைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அது படியறது. உளவியலாளர் சார்ல்ஸ் ஃபிக்லி 1990-கள்லயே இதைப் பத்தி எழுதினார். லீவு போட்டா மட்டும் அது போயிடாது. எந்த கேஸ் வீடுவரைக்கும் வருதுன்னு, அந்த கேஸைப் பத்தியே, பயிற்சி உள்ள ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து பேசணும்.

எதிர்க்காற்று:
அதுவும் கேஸ் அதிகமானதாலதானே?

மழைக்காகிதம்:
கேஸ் அதிகமானா அதுவும் கூடும், ஒத்துக்கிறேன். ஆனா கேஸ் பாதியா குறைஞ்சாலும் மிச்சத்துல ஒண்ணு உங்க பிள்ளை வயசுல இருந்தா போதும்.

நடுநிசி:
மழைக்காகிதம் சொன்னது சுருக்குன்னு பட்டுச்சு. ஒரு கேஸ்ல இருக்கிற பையனுக்கு என் பையன் வயசுதான். எங்க ஆபீஸ்ல சூப்பர்விஷன்னு ஒண்ணு நடக்கும். ஃபைல் மூடியாச்சா, கெடு தாண்டிச்சா, அவ்வளவுதான். அதுல இதையெல்லாம் பேச இடமே இல்லை.

எதிர்க்காற்று, கேஸைக் குறைக்கச் சொன்னா அது மாயமாப் போயிடாது, பக்கத்து மேசைக்குப் போகும். அவளுக்கும் பிள்ளை இருக்கு. அக்கா, அந்த அரைமணி நேரத்துக்கு வீட்டுக்காரர் சரின்னுட்டார். பையன் கதவுக்கே ஓடி வந்தா என்ன பண்றது?

எதிர்க்காற்று:
நியாயமான கேள்வி. அதனாலதான் தனியா கேட்காதீங்க. பக்கத்து மேசையும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். எண்ணிக்கையை மட்டும் எழுதினா "எல்லாருக்கும் அவ்வளவுதான்"னு முடிச்சிடுவாங்க. கோர்ட்டுக்குப் போறது எது, உடனடி ஆபத்து எது, போன்லயே விசாரிக்கக்கூடியது எதுன்னு பிரிச்சு எழுதுங்க. இதுல எதைத் தள்ளிப்போடலாம்னு அவங்களையே எழுத்துல சொல்லச் சொல்லுங்க. தள்ளிப்போட்டதுல ஏதாவது ஆச்சுன்னா பழி உங்க மேல மட்டும் விழாது. மழைக்காகிதம் சொன்ன ஆலோசனையையும் அதுலயே கேளுங்க, வேலை நேரத்துக்குள்ள.

பழைய ஃபைல்:
பையன் ஓடி வந்தா தூக்கிக்கோங்கம்மா. அரைமணி கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கட்டும்.

கடிதத்தைப் பத்தி தம்பி சொன்னது சரி. இப்படி ஒண்ணு என் மேசைக்கு வந்திருந்தா எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். ஆனா எந்தத் தேதிக்குள்ள பதில் வேணும்னு அதுலயே இருந்தா தட்டிக்கழிக்க முடியாது. தேதி போடுங்க. அதுவரைக்கும் அந்தச் சனிக்கிழமை வகுப்புப் பக்கம் போகாதீங்க.

எதிர்க்காற்று:
அக்கா கடைசியில நம்ம கட்சிக்கு வந்துட்டாங்க!

பழைய ஃபைல்:
கட்சியெல்லாம் கிடையாது. போனை அணைக்கச் சொன்னது கண்துடைப்பா இல்லையான்னு நீங்க இன்னும் பதில் சொல்லல தம்பி.