மழை பெய்தால் பாதாள சாக்கடைக்கு என்ன ஆகிறது? பார்த்தவர்கள், வேலை செய்தவர்கள் எழுதுங்கள்

சின்ன நகராட்சி ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஆட்கள் கொஞ்சம் பேர்தான். சாக்கடை அடைப்பும் நாங்கள்தான், பம்பிங் ஸ்டேஷனும் நாங்கள்தான், மழைநீர் வடிகாலைத் தூர்வாருவதும் நாங்கள்தான்.

தெருவுக்கடியில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. வீட்டுக் கழிவுநீர் எங்களிடம் வரும். மழைநீர் வடிகால் எங்களிடம் வராது, நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போய்விடும், நடுவில் யாரும் அதைச் சுத்தம் செய்வதில்லை. எங்கள் தலைவலியில் பெரும்பகுதி இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுவதால் வருவது.

மழையில்லாத நாளில் தண்ணீர் வரத்து காலையில் ஒருமுறை ஏறும், மாலையில் ஒருமுறை ஏறும், நள்ளிரவுக்கு மேல் நன்றாகக் குறைந்துவிடும். அந்த ராத்திரி அளவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஊரே தூங்கும்போதும் மேன்ஹோலில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ குழாய் இணைப்பு விட்டு நிலத்தடி நீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். மழை தொடங்கியதும் வரத்து எகிறி, மழை விட்டதும் இறங்கிவிட்டால் அது சாக்கடையில் தவறாகச் சேர்த்துவிட்ட மொட்டைமாடித் தண்ணீர், இல்லையென்றால் மேன்ஹோல் மூடி வழியாக இறங்குவது. மெதுவாக ஏறி நாள்கணக்கில் அப்படியே நின்றால் குழாயில் விரிசல்.

கொஞ்சம் தண்ணீர் கூடினால் என்ன என்று கேட்பார்கள். கழிவைத் தின்று தீர்ப்பது காற்றூட்டும் தொட்டியில் வளரும் நுண்ணுயிரிகள். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட அதே முறைதான் இன்றும் பெரும்பாலான இடங்களில் ஓடுகிறது. தினமும் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் குடுவையில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வைப்போம். நல்ல நாளில் பழுப்புக் கசடு திரள்திரளாக அடியில் இறங்கி, மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும். பெருமழையில் வரத்து பல மடங்காகும்போது அந்தக் கசடு தெளிவுத் தொட்டியில் அடங்க நேரமே கிடைக்காமல், விளிம்பைத் தாண்டி ஆற்றோடு போய்விடும். போனது போனதுதான், திரும்ப வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மழையே இல்லாவிட்டாலும் எங்கள் சுத்திகரிப்பு அரைகுறைதான். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

———

நான் களப்பிரிவு. நீங்கள் சொன்ன மொட்டைமாடித் தண்ணீரைக் கண்டுபிடிக்க நாங்கள் புகைச் சோதனை செய்வோம். ஒரு மேன்ஹோல் மேல் ஊதுவிசிறியை வைத்து, கெடுதல் இல்லாத வெள்ளைப் புகையைக் குழாய்க்குள் தள்ளினால், எங்கெல்லாம் ஓட்டை உண்டோ அங்கெல்லாம் வெளியே வரும். நியாயமாகப் புகை வரவேண்டியது கூரைமேல் உள்ள காற்றுக்குழாய் வழியாக மட்டும்தான். ஆனால் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயிலிருந்து, முற்றத்து வடிகாலிலிருந்து, ஒரு தடவை புல்தரைக்கு நடுவே மண்ணுக்குள்ளிருந்தே கிளம்பி வந்தது. அங்கே தோண்டினால், மரவேர் இணைப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது. முன்கூட்டியே வீடுவீடாகத் தகவல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தீ என்று நினைத்து ஜனங்கள் பதறிவிடுவார்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது எதிர்ப்பக்கம். மழையே இல்லாத காலத்தில் மழைநீர் வடிகால் ஆற்றில் போய் விழும் முனையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தால் எவரோ கழிவறைக் குழாயை அதில் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகப்படும் வீட்டில் பச்சைச் சாயம் ஊற்றி, கீழே நின்று பார்ப்போம். சாயம் வடிகாலில் வந்துவிட்டால் அப்புறம் வாக்குவாதத்துக்கு இடமில்லை. அந்த வீட்டார் பல நேரம் தெரிந்து செய்தவர்கள் இல்லை, கட்டும்போது எது பக்கத்தில் இருந்ததோ அதில் கொத்தனார் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்.

———

பெரிய ஊர்களுக்கே இந்தப் பாடுதான். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி நாற்றம் தாங்காமல் போய், பேசல்ஜெட் என்ற பொறியாளர் ஊர் முழுக்கச் சாக்கடை கட்டினார். அதில் மழையும் கழிவும் ஒரே குழாயில். மழை வலுத்தால் வழிந்து நதிக்கே போகும். அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 2025இல்தான் முழுசாக இணைத்தார்கள். சின்ன நகராட்சியால் சுரங்கம் தோண்ட முடியுமா? மூடியைச் சரிபார்த்து, இணைப்பை ஒவ்வொன்றாக அடைத்துத்தான் வரமுடியும்.

———

பம்பிங் ஸ்டேஷன் பக்கம் இருந்து நான். இங்கே கெடுப்பது ஈரத் துடைப்புத் தாள். "கழிவறையில் போடலாம்" என்று உறையில் அச்சடித்திருந்தாலும் போடாதீர்கள், அது கரையாது, எண்ணெய்ப் பிசுக்கோடு கயிறாக முறுக்கிக்கொண்டு பம்பின் சுழலியில் சிக்கும். பம்ப் நின்று, தண்ணீர் மட்டத்தை உணரும் மிதவை சுவிட்சும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டால், அலாரம் அடிப்பதற்குள் தாழ்வான வீட்டுக் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து ஏறிவிடும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பம்பிங் ஸ்டேஷன் குழிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ எவரும், எந்த அவசரத்துக்கும், இறங்கவே கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) ஒட்டிப் போனால் மூக்கு மரத்துவிடும், வாசமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே போனவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் செத்திருக்கிறார்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் மெஷின் வரட்டும், இரண்டு தெருவில் கழிவு தேங்கினாலும் பரவாயில்லை, காத்திருக்கலாம்.

———

எங்கள் வீட்டு மாடித் தண்ணீர் எதில் போகிறது என்று எப்படிப் பார்ப்பது?

———

மழையில்லாத நாளில் மாடிக் குழாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, வீட்டு எல்லையில் இருக்கும் சாக்கடைச் சோதனைத் தொட்டியின் மூடியைத் திறந்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அந்த நேரம் உள்ளே யாரும் குழாய் திறக்கக் கூடாது. தொட்டியில் தண்ணீர் பாய்ந்தால் இணைப்பு தவறு. நகராட்சிப் பொறியியல் பிரிவில் எழுதிக் கொடுங்கள், மாற்றுவதற்கு எந்த வடிகால் பக்கம் என்று அவர்கள் வரைபடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.